மிதி, பிடி, விடு: கார் பிரேக்கிலிருந்து காற்றை விரட்டிய கதை

(எபிசோடின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)



கார் மெக்கானிக் ஷெட் பக்கத்தில் குடியிருக்கிறவங்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். "மிதி... மிதி... இன்னொரு தடவை மிதி... புடிச்சுக்கோ!" ஒரு நொடி அமைதி. "ம்... விடு!" காருக்குள்ளே ஒரு பையன் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருப்பான். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் அண்ணன் கையில் ஒரு சின்ன ஸ்பானர். சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு டியூப் வந்து பழைய தண்ணீர் பாட்டிலில் இறங்கும். டீ டிகாஷன் நிறத்தில் ஏதோ ஒன்று குமிழ் குமிழாக அதில் விழும்.

ஷெட் பாஷையில் இதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர். இங்கிலீஷில் 'பிரேக் ப்ளீடிங்'. இந்த வேலைக்குக் குறைந்தது ரெண்டு பேர் வேணும். ரெண்டு பேரும் ஒரே தாளத்தில் இருக்கணும். அண்ணன் நிப்பிளை மூடுவதற்குள் பையன் காலை எடுத்துவிட்டால், வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே திரும்பி வந்துவிடும். மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கணும், திட்டோடு சேர்த்து.

வீட்டு வாசலில் ஒரே ஆளாக இந்த வேலையை முடிக்க 'பிரஷர் ப்ளீடர்' என்று ஒரு கருவி இருக்கிறது. செடிக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பு மாதிரியே இருக்கும். அது எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தேடிப்போனால், ஒரு பிரெஞ்சு கணித மேதை, ஒரு பூட்டு வியாபாரி, விமானம் செய்த அண்ணன் தம்பி, நம்ம விளக்கெண்ணெய் என்று சம்பந்தமே இல்லாத ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். இன்றைக்கு அந்தக் கதைதான்.

பிரேக் பெடலுக்குள் ரெண்டு விதிகள் குடியிருக்கின்றன. ஒன்று பாஸ்கல் விதி. அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். இதை எழுதிவைத்த பிளேஸ் பாஸ்கல் 1662-ல், 39 வயதில் இறந்துபோனார். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த வருடம்தான் அச்சில் வந்தது. இன்னொன்று பாயில் விதி. காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொண்டே போகும். அழுத்தம் இரண்டு மடங்கானால் பருமன் பாதி. ராபர்ட் பாயில் இதை வெளியிட்டதும் அதே 1662-ல். ரெண்டுமே ஸ்கூலில் மனப்பாடம் பண்ணினதுதான். பிரேக் பைப்புக்குள் முழுக்கத் திரவம் இருக்கிறவரை பாஸ்கல் ராஜ்ஜியம். ஒரு குமிழ் காற்று புகுந்த நிமிஷமே பாயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்.

சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பெடலை முழுக்க மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் 10 மில்லி திரவத்தைத் தள்ளும் என்று வைங்க. பைப்பில் 3 மில்லி காற்று மாட்டியிருக்கிறது. பிரேக் பிடிக்கத் தேவையான அழுத்தம், வெளிக்காற்றைவிட 30 மடங்கு. அந்த அழுத்தம் வருவதற்குள் 3 மில்லி காற்று 0.1 மில்லியாகச் சுருங்கிவிடும். அதாவது, பெடலின் பயணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, காற்றைக் கசக்குவதிலேயே வீணாகிப்போகிறது. 'பெடல் பஞ்சு மாதிரி இருக்குண்ணே' என்று வண்டிக்காரர் சொல்வது இதைத்தான்.

பாஸ்கலின் விதியை முதலில் காசாக்கியவர் லண்டனில் இருந்த ஜோசப் பிராமா. பூட்டும் கழிப்பறைத் தொட்டியும் செய்து பேர் வாங்கியவர். 1795-ல் தண்ணீரால் இயங்கும் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். ஆனால் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர் கசியும். கசியாமல் இறுக்கினால் பிஸ்டன் நகராது. தோலைக் கிண்ணம் மாதிரி வளைத்துப் பிஸ்டனைச் சுற்றி வைத்தால், அழுத்தம் ஏற ஏறத் தோலே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே சொன்ன யோசனை இது என்பார்கள். இன்றைக்கு உதிரிபாகக் கடையில் 'பிரேக் கிட்' கேட்டால் கிடைக்கும் கறுப்பு ரப்பர் கப் அந்தத் தோல் கிண்ணத்தின் பேரன்தான்.

இவ்வளவும் கையில் இருந்தும், கார் வந்தபோது யாரும் இதைப் பிரேக்குக்குப் பயன்படுத்தவில்லை. இரும்புக் கம்பி, கயிறு, நெம்புகோல் இவைதான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற ஃபோர்டு மாடல்-டி காரில், கால் பிரேக் சக்கரத்தைத் தொடவே தொடாது. கியர்பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கும். கைப்பிடியை இழுத்தால் பின் சக்கரங்களில் கொஞ்சம் பிடிக்கும். முன் சக்கரத்தில் ஒன்றுமே கிடையாது.

முன் சக்கரத்துக்கு ஏன் வைக்கவில்லை? அது திரும்பும் சக்கரம். திரும்புகிற ஒன்றுக்கு விறைப்பான கம்பியைக் கொண்டுபோனால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் கம்பி இழுபடும், பிரேக் தானாகப் பிடிக்கும். நாலு சக்கரத்துக்கும் கம்பி போட்டாலும், நாலையும் சரிசமமாக முறுக்கி வைப்பது பெரிய தலைவலி. ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாகிவிட்டால், பிரேக் அடித்ததும் வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இங்கேதான் மால்கம் லாக்ஹீட் வருகிறார். ஆமாம், அந்த விமானக் கம்பெனி லாக்ஹீட்தான். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டு வேறு. அதைப் படிக்கிறவர்கள் கண்டபடி உச்சரித்ததால், வாயில் வருகிற மாதிரியே எழுத்தையும் மாற்றிக்கொண்டார்கள். மால்கம் இளவயதில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நீராவிக் கார் மெக்கானிக். 1913-ல் அவரும் தம்பி ஆலனும் தாங்களே செய்த கடல்விமானத்தை அந்த ஊர் விரிகுடா மேலே பறக்கவிட்டார்கள். 1915-ல் அங்கே பெரிய உலகக் கண்காட்சி நடந்தபோது, ஆளுக்கு 10 டாலர் வாங்கிக்கொண்டு ஜனங்களை வானத்தில் ஒரு ரவுண்டு கூட்டிப்போய்ச் சம்பாதித்தார்கள். அப்புறம் சாண்டா பார்பராவில் ஒரு விமானப் பட்டறை.

முதல் உலகப் போர் முடிந்ததும் விமானத் தொழில் படுத்துவிட்டது. மால்கமின் மூளை அதற்கு முன்பே கார் பிரேக் பக்கம் போயிருந்தது. கம்பிக்குப் பதில் குழாய், இழுவைக்குப் பதில் திரவம். திரும்பும் சக்கரத்துக்கு வளைகிற ஹோஸ் போதும். நாலு சக்கரத்தையும் சமப்படுத்தும் வேலையைப் பாஸ்கல் விதி இலவசமாகச் செய்து தரும். 1919-ல் தம்பியை விட்டுப் பிரிந்து டெட்ராய்ட்டுக்குக் கிளம்பினார். அங்கேதான் கார் இருந்தது, காசும் இருந்தது.

முதலில் கைகொடுத்தவர்கள் டூசன்பெர்க் சகோதரர்கள். 1921 ஜூலையில் பிரான்ஸின் ல மான் நகரில் கிராண்ட் பிரீ பந்தயம். நாலு சக்கரத்திலும் திரவப் பிரேக் உள்ள டூசன்பெர்க்குடன் அமெரிக்கர் ஜிம்மி மர்ஃபி களமிறங்கினார். பயிற்சியின்போது நடந்த விபத்தில் விலா எலும்பில் அடி; கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். ரோடு பெயர்ந்து கல் கல்லாகத் தெறித்துக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டார். அமெரிக்கக் காரில் ஓர் அமெரிக்கர் அடுத்த கிராண்ட் பிரீ ஜெயிக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கோங்க. அதே வருடம் விற்பனைக்கு வந்த டூசன்பெர்க் மாடல்-ஏ, நாலு சக்கரத்திலும் திரவப் பிரேக் உள்ள முதல் சாலைக் கார். ஆனால் அது பணக்காரர்களின் பொம்மை.

சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனவர் வால்டர் கிரைஸ்லர். 1924 ஜனவரியில், நியூயார்க் கார் கண்காட்சிக்குள் அவருடைய புதுக் காருக்கு இடம் தரவில்லை. இன்னும் விற்பனைக்கே வராத வண்டி என்று காரணம் சொன்னார்கள். அவர் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கியிருந்த கமடோர் ஹோட்டல் லாபியைப் பிடித்து, காரை அங்கே நிறுத்திவிட்டார். 1,400 டாலருக்கும் குறைவான விலையில் நாலு சக்கரத்துக்கும் திரவப் பிரேக். முதல் வருடமே சுமார் 32,000 கார்கள் போயின. மால்கமின் வடிவமைப்பில் இருந்த தோல் கப்புகள் கசிந்துகொண்டே இருந்தன. கிரைஸ்லரின் எஞ்சினியர்கள் அதை ரப்பருக்கு மாற்றினார்கள். நம்ம கதையின் அடுத்த சிக்கல் முழுக்க அந்த ரப்பரிலிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு முன் ஹென்றி ஃபோர்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடலாம்.

1928-ல் பிளிமத் மாதிரி மலிவுக் காரிலேயே திரவப் பிரேக் வந்தாச்சு. 1936-ல் செவர்லேயும் மாறியாச்சு. ஃபோர்டு மட்டும் 1939 மாடல் வரை கம்பியை விடவில்லை. பெடலில் இருந்து சக்கரம் வரை முழுக்க எஃகு என்பதையே விளம்பரமாகச் செய்தார்கள். இதைக் கிழவரின் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பயத்தில் ஒரு விஷயம் இருந்தது. கம்பிப் பிரேக்கில் ஒரு கம்பி அறுந்தால் போவது ஒரு சக்கரம். அன்றைய திரவப் பிரேக்கில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே அறை, நாலு சக்கரத்துக்கும் ஒரே குடும்பம். எங்கேயோ ஒரு ஹோஸ் வெடித்தால், பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரமும் கைவிரித்துவிடும்.

பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஜனங்கள் இந்த ஒற்றை உயிர்நாடியை நம்பித்தான் ஓட்டினார்கள். மருந்து ரொம்பச் சுலபம்: மாஸ்டர் சிலிண்டரை உள்ளே இரண்டாகப் பிரித்து இரண்டு தனிச் சுற்று. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். அமெரிக்காவில் காடிலாக்கும் ராம்ப்ளரும் 1962-ல் இதைக் கொடுத்தார்கள். ஸ்வீடனின் சாப் கம்பெனி 1960-களில் குறுக்காகவே பிரித்தது; முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. ஆனால் எல்லோருக்கும் கிடைக்க, 1965-ல் ரால்ஃப் நாடர் கார்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய புத்தகமும், அது கிளப்பிய சத்தமும், 1966-ல் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயம். ஃபோர்டு எழுப்பிய சந்தேகத்துக்குப் பதில் வர இவ்வளவு காலம் ஆயிற்று.

இப்போ ரப்பருக்கு வருவோம். ரப்பர் கப் போட்டாச்சு. அதற்குள் எந்தத் திரவத்தை ஊற்றுவது? தண்ணீரா? குளிரில் உறையும், சூட்டில் கொதிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். டூசன்பெர்க் காலத்தில் கிளிசரினும் தண்ணீரும் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். என்ஜின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெய்? அது இயற்கை ரப்பரைத் தொட்டால் ரப்பர் ஊறிப் பொதுபொதுவென்று வீங்கிவிடும். இன்றைக்கும் அவசரத்துக்கு யாராவது பிரேக் ஆயில் டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றினால், எல்லா ரப்பரையும் கழற்றி எறிய வேண்டியதுதான். பெயரில் மட்டும்தான் 'பிரேக் ஆயில்'. இன்றைய கார்களில் நாம் ஊற்றுவது எண்ணெயே கிடையாது.

ரப்பரைக் கெடுக்காத, வழவழப்பான ஒரு எண்ணெய் தேடினார்கள். கிடைத்தது ஆமணக்கு. நம்ம பாட்டி காலத்தில் வயிற்றைச் சுத்தம் பண்ணக் கொடுத்து ஒரு தலைமுறையையே பயமுறுத்திய அதே விளக்கெண்ணெய்! அது தனியாக ரொம்பக் கெட்டி என்பதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். உலகத்தின் கார்கள் வருஷக்கணக்காக விளக்கெண்ணெயில்தான் நின்றன. சோவியத் ரஷ்யாவில் பாதி விளக்கெண்ணெய், பாதி பியூட்டைல் ஆல்கஹால் என்று ஒரு சிவப்புத் திரவம் ரொம்ப நாள் புழக்கத்தில் இருந்தது. போகிற போக்கில் ஒன்று: 'காஸ்ட்ரால்' என்ற என்ஜின் ஆயில் பெயர் ஆமணக்கின் இங்கிலீஷ் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான்.

விளக்கெண்ணெயின் குறை ஆல்கஹாலில் இருந்தது. சீக்கிரம் கொதிக்கும். வண்டிகளின் வேகமும் எடையும் கூடக் கூட, பிரேக்கின் சூடும் கூடியது. 1953-ல் ஜாகுவார் கம்பெனி டிஸ்க் பிரேக் போட்ட காரோடு போய் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. அதற்கப்புறம் சாலைக் கார்களுக்கும் டிஸ்க் வந்தது. டிஸ்க் பிரேக்கில் திரவம் நிற்கிற இடமும் சூடாகிற இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால் அதிகச் சூடு தாங்கும் கிளைக்கால் வகை வேதித் திரவங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்றைக்கு உங்க காரில் இருப்பது அந்தக் குடும்பம்தான்.

டப்பாவில் 'டாட் 3', 'டாட் 4' என்று போட்டிருக்கும் இல்லையா? அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அவர்கள் வகுத்த தரம் இப்போ உலகத்துக்கே பாஷையாகிவிட்டது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230. இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையிலும் எவ்வளவு தாங்கணும் என்று தரத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. டாட் 3-க்கு 140. டாட் 4-க்கு 155. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத தண்ணீர், கொதிநிலையை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது பாருங்க. சென்னை மாதிரி ஈரமான ஊரில் இது சீக்கிரமே நடக்கும்.

இப்போ அந்த வண்டியை ஒரு மலையிலிருந்து இறக்குங்க. கல்லட்டி ரோடு, 36 கொண்டை ஊசி வளைவு. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறார் ஒருத்தர். டிஸ்க் கொதிக்கிறது, கேலிப்பர் கொதிக்கிறது, உள்ளே இருக்கும் திரவத்தில் கலந்த தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1,600 மில்லிக்கு மேல் விரியும். அப்படியென்றால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட, நாம் முன்னே கணக்குப் போட்ட மாஸ்டர் சிலிண்டரைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். பெடலிலிருந்து காலை எடுத்திருக்கும் நேரத்தில் அந்த ஆவி திரவத்தைப் பின்னால் டப்பாவுக்கே தள்ளிவிடுகிறது. அடுத்த வளைவில் மிதித்தால் கீழே வரை வெறும் பஞ்சு. பாயில் ஜெயித்துவிட்டார். பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்தால் சில சமயம் மீட்க முடியும், சில சமயம் முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் வண்டி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் கல் மாதிரி நிற்கும். 'பிரேக் நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வார்கள். ஓட்டினவர் மேலேயே பழி விழும்.

ஆக, பழைய திரவத்தை எடுப்பதும் காற்றை எடுப்பதும் ஒரே வேலை, ஒரே நிப்பிள். அந்த நிப்பிள் திரவப் பிரேக்கின் ஆரம்ப காலத்திலிருந்தே கூட வருகிறது. பெடலை மிதித்து எடுக்கும் முறையில் ரெண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, ரெண்டு பேர் வேணும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. தினசரி ஓட்டும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் கொஞ்ச தூரம்தான் போய் வரும். அது போகாத பகுதியில் வருஷக்கணக்காகத் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால், மெல்லிய ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பின் மேல் முதல்முறையாக உரசும், கிழியும். நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டர் சர்வீசுக்குப் போய்வந்த பிறகு செத்துப்போனது என்று வண்டிக்காரர்கள் புலம்புவதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறது.

பெரிய ஒர்க்ஷாப்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தன. 1950-களின் அமெரிக்க மேனுவல்களிலேயே பிரஷர் ப்ளீடிங் கருவி பற்றி இருக்கும். கனமான ஒரு தொட்டி, நடுவே ரப்பர் திரை. திரைக்கு ஒரு பக்கம் கம்ப்ரஸர் காற்று, மறுபக்கம் பிரேக் திரவம். காற்றும் திரவமும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் திரை; தொட்டால் ஈரம் சேரும். மாஸ்டர் சிலிண்டர் மேலே இதை மாட்டிவிட்டால், பெடலைத் தொடவே வேண்டாம். மேலிருந்து மெல்லிய, நிலையான அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் ஒவ்வொரு சக்கரமாகப் போய் நிப்பிளைத் திறந்து மூடினால் போதும். உதவியாள் பையனுக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது அந்தத் திரையைக் கழற்றிவிட்டு எளிமையாக்கினார்கள். பிரிட்டனில் கன்சன் கம்பெனியின் 'ஈஸிப்ளீட்' இருக்கிறதே, அதற்குக் கைப்பம்புகூடக் கிடையாது. காற்றை ஸ்டெப்னி டயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த டயரில் 20 பி.எஸ்.ஐ-க்குக் கீழே காற்றைக் குறைத்துவிட்டு மாட்டணும். இதில் வேடிக்கை, 'ஸ்டெப்னி' என்ற பேர் வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து, 1904-ல் அங்கே உதிரிச் சக்கரம் செய்தவர்கள் மூலம் வந்தது. இன்றைக்கு அதை பிரிட்டிஷ்காரர்கள் மறந்தாச்சு, நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் 'மோட்டிவ்' என்ற கம்பெனி, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பு வடிவத்திலேயே ஒன்றை விற்கிறது. அதைப் பார்த்து நிஜமான தோட்டப் பம்பை வாங்கி, பழைய டப்பா மூடியில் ஓட்டை போட்டு, டியூப் சொருகித் தாங்களே செய்துகொண்டவர்கள் ஏராளம்.

செய்முறை சின்னதுதான். முதலில் திரவம் ஊற்றாமல் வெறும் காற்றை ஏற்றி மூடியில் கசிகிறதா என்று பார்க்கணும். வண்டியின் பெயிண்ட் மேல் பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் இந்த ஒத்திகை. அப்புறம் புது திரவம், 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பிரேக் பைப் இதைப்போல எத்தனையோ மடங்கு தாங்கும். ஆனால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் டப்பா அழுத்தம் தாங்கவென்று செய்யப்பட்டதல்ல. வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கும் சக்கரம் முதலில். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுப் பின் வலதில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. அவங்க வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம். நமக்குப் பின் இடதுதான் தூரம். குறுக்குச் சுற்று வண்டிகளுக்கு வரிசை வேறாக இருக்கும், அங்கே மேனுவல் சொல்வதுதான் சட்டம். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தால், முதலில் டிகாஷன், அப்புறம் குமிழ், அப்புறம் தெளிந்த தேன் நிறம். மூடிவிடலாம். கடைசியில் தொட்டியின் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் மூடியில் கை வைக்கணும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்க்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. ஏற்கனவே பூச்சி மருந்து அடித்த பம்பை இதற்கு எடுக்கவே எடுக்காதீங்க.

எவ்வளவு எடுத்தாலும் காற்று போகவில்லையா? நிப்பிள் கேலிப்பரின் மேல் முனையில் இருக்கிறதா என்று பாருங்க. இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினால், நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிரேக் ஆயில் டப்பாவில் 'கேர்லிங்' என்ற பெயர் இருந்தது. ஆல்பர்ட் கேர்லிங் என்ற ஆங்கிலேயரின் பெயர். 1925-ல் அவர் காப்புரிமை எடுத்தது எதற்கு தெரியுமா? கம்பியால் இயங்கும் பிரேக்குக்கு! அந்தப் பெயர் கைமாறிக் கைமாறி, கம்பியை ஒழித்துக்கட்டிய திரவத்தின் டப்பாவிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

மால்கம் தன் பிரேக் கம்பெனியை 1932-ல் பெண்டிக்ஸிடம் விற்றுவிட்டார். தம்பி ஆலன் 1926-ல் மறுபடி தொடங்கிய விமானக் கம்பெனிதான் உலகம் அறிந்த லாக்ஹீட். ஆனால் அந்த எழுத்துக்கூட்டு முதலில் ஊருக்குத் தெரிந்தது பிரேக் மூலமாகத்தான்.

1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. இப்போ எல்லாக் காரிலும் இருக்கிறது. அதன் பெட்டிக்குள் சின்னச் சின்ன வால்வுகள், மூடியே கிடக்கும் சந்துகள். வழக்கமான பராமரிப்புக்குத் திரவம் மாற்றினால் பிரச்சினை இல்லை. டப்பா காலியாகி அந்தப் பெட்டிக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் பிரஷர் ப்ளீடர் மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டி வால்வுகளையும் மோட்டாரையும் இயக்கித்தான் காற்றை வெளியே கொண்டுவர முடியும். அதனால் வேலையின் நடுவே டப்பாவில் திரவம் எவ்வளவு மிச்சம் என்று அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கோங்க.

இந்த எபிசோடுக்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்க்கலாம்.